இலாரியோன் கிழவரின் நடை

சனிக்கிழமை மதியம் இத்தாலியிலிருந்து பெட்டிகள் கொண்டுவரும் வேன் என் கடை வாசலில்தான் வந்து நிற்கும். ஊரில் பாதிப் பேருக்கு அங்கே ஆள் இருக்கிறது. யாருக்குப் பெட்டி வந்தாலும் ஓட்டுநர் என்னிடம் இறக்கிவைத்துவிட்டுப் போவான், நான் கூப்பிட்டுக் கொடுப்பேன். பெட்டி வாங்க வருகிறவர்கள் ஒரு ரொட்டியாவது உப்பாவது வாங்காமல் போவதில்லை. வேன் சர்ச் வாசலில் நிற்காமல் என் வாசலில் நிற்பதற்குக் காரணம் பரஸ்கீவா. ஓட்டுநரிடம் அவள் சொன்ன ஒரு வார்த்தை. அதை நான் மறந்ததில்லை, அவளும் மறக்கவிட்டதில்லை.

பரஸ்கீவா என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். பதினாறு வருஷமாக இத்தாலியில், பொலோனியாவில் வீட்டோடு இருந்து கிழடுகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஒன்று செத்தால் இன்னொன்று. அப்படி உழைத்து, ஊரில் தன் அப்பா இலாரியோனின் மண் வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் மாடி வீடு கட்டினாள். சிவப்புத் தகரக் கூரை, வெள்ளைத் தூண்கள், மேலே மூன்று அறைகள். மேல் அறைகள் எப்போதும் பூட்டியே கிடக்கும், சாவி இத்தாலியில். கீழே சமையலறையிலும் அதை ஒட்டிய இரண்டு சின்ன அறைகளிலும் கிழவரும், அவர் மகன் கிரிகோரெயும், மருமகள் அக்லாயாவும் குடியிருந்தார்கள். வீடு பரஸ்கீவா பெயரில். அப்பாவை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும்வரை தம்பியும் அவன் பெண்டாட்டியும் இருக்கலாம் என்பது பேச்சு. இல்லையென்றால் வெளியே. கிரிகோரெ மரமில்லில் பலகை அடுக்குகிறவன், கிடைப்பதைக் குடித்துவிடுவான். அக்லாயா அரசாங்க அநாதை விடுதியில் வளர்ந்தவள். திரும்பிப் போக அவளுக்கு ஒரு தாய்வீடு கிடையாது. பிள்ளையும் இல்லை.

அக்டோபரில், திராட்சை பிழிந்து முடித்த வாரம், பரஸ்கீவாவிடமிருந்து அப்பாவுக்குப் பெட்டி வந்தது. காப்பித்தூள், கம்பளி உள்ளாடை, சாக்லேட், பழைய போன் ஒன்று. அதோடு ஒரு கறுப்பு வாட்ச். விலை மலிந்த வாட்ச்தான், சூப்பர் மார்க்கெட்டில் பாலாடைக்கட்டி வாங்கப் போன இடத்தில் எடுத்தாளாம். கையில் கட்டினால் எத்தனை அடி நடந்தோம், நாடி எத்தனை, எத்தனை மணி நேரம் தூங்கினோம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். போனைச் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டால், வாட்ச் அதன் பக்கத்தில் வரும்போதெல்லாம் விவரம் தானாகப் பொலோனியாவுக்குப் போய்விடும். முந்தின மழைக்காலத்தில் நெஞ்சுச் சளியோடு படுத்து எழுந்ததிலிருந்து கிழவர் நடப்பதில்லை. நடக்காவிட்டால் காலே விழுந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அன்று அந்தச் சமையலறையில் போனை அமைத்துக்கொடுத்தவள் நான்தான். திரையில் பரஸ்கீவாவின் முகம்.

"தினமும் ஆறாயிரம் அடி. கேட்டியா அக்லாயா? நாடியும் எனக்கு இங்க தெரியும், தூக்கமும் தெரியும். இனிமே அங்க யாரும் என்கிட்ட பொய் சொல்ல முடியாது."

"சரி மதினி."

"சரி சரின்னு தலைய ஆட்டாதே. அப்பாவை வாசலுக்குக் கூட்டிட்டுப் போ."

கிழவர் அடுப்பை ஒட்டிய கட்டிலில் படுத்தபடி வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட்டுப்பண்ணைக் காலத்தில் அவர் மேஸ்திரி. ஆள் உயர மரக் கவராயம் ஒன்றை வைத்துக்கொண்டு, களை கொத்தும் பெண்களுக்குப் பின்னால் நிலத்தை அளந்தபடியே போவார். ஒரு சாண் குறைந்தாலும் அன்றைய கூலி அவளுக்கு இல்லை. என் அம்மா அந்தக் கவராயத்துக்குப் பயந்து காய்ச்சலோடு கொத்தியிருக்கிறாள். அவர் செத்தால் ஊரில் யாரும் அழப்போவதில்லை என்று அப்போதே பேச்சு. ஆனால் அவர் சாகிறவராக இல்லை.

"காலமெல்லாம் நான் மத்தவங்களை அளந்தவன், ருக்சாந்தா" என்று என்னிடம் சொன்னார். "நான் பெத்த பொண்ணே என்னை அளக்குறாளாம். எண்பத்தோரு வருஷம் நடந்தாச்சு. போதும்."

முதல் நாள் இருநூற்றுப் பன்னிரண்டு அடி. அதுவும் கக்கூஸுக்குப் போய்வந்தது. அடுத்த நாள் நூற்றைம்பது. போன் அடித்தது. திட்டு அக்லாயாவுக்கு. அக்லாயா கெஞ்சிப் பார்த்தாள், பூட்ஸை எடுத்துக் காலடியில் வைத்தாள், தேன் போட்ட டீ கொடுத்தாள். கிழவர் டீயைக் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாய்க்குக் கட்டலாம் என்பது கிரிகோரெயின் யோசனை. முடிக்குள் நாடி பிடிக்கவில்லை என்று முன்னங்காலில் கொஞ்சம் சிரைத்துக் கட்டினான். ஒரு நாள் ஒழுங்காகப் போயிற்று. அன்று ராத்திரி நரி வந்திருக்கிறது. நாய் சங்கிலியோடு குதித்த குதியில், விடிகாலை இரண்டு மணிக்கு அப்பா எண்ணூறு அடி ஓடினார், நாடி நூற்றெழுபது என்று பொலோனியாவில் தெரிந்துவிட்டது. பரஸ்கீவா போட்ட கூச்சலில் கிரிகோரெ கெட்ட கனவு, எழுந்து ஓடிட்டார் என்று ஏதோ உளறிச் சமாளித்தான்.

மறுநாள் அக்லாயா கடைக்கு வந்து ஈஸ்ட் கேட்டாள். முகம் வீங்கியிருந்தது. நடந்ததைச் சொன்னாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துவிட்டு நான் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

"ஏண்டி, அந்த நாயைவிட அதிகமா ஓடுறவ அந்த வீட்ல நீதானே? நீயே கட்டிக்கோயேன்."

அவள் சிரிக்கவில்லை. ஈஸ்ட்டை வாங்கிக்கொண்டு யோசித்தபடியே போனாள்.

அடுத்த நாள் சாயங்காலம் கடை வாசலில் வந்து நின்று கையை நீட்டினாள். வாட்ச்சில் மத்தாப்பு வெடிக்கிற படம் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது என்னன்னு பாருங்களேன். பத்தொன்பதாயிரத்து நானூறாம். நான் இவ்வளவா நடக்குறேன்?"

"நீதானே கட்டியிருந்தே?"

"ஆமா. மாட்டுக்குத் தண்ணி கிணத்துலேருந்து எட்டு நடை. அப்புறம் சோளத்தட்டை தூக்கினேன். அப்புறம் கோஸ் நறுக்கி பீப்பாய்ல போட்டேன். வேற ஒண்ணும் இல்லியே." மறுபடி வாட்ச்சைப் பார்த்தாள். "எனக்கு மத்தாப்பு விடுது பாருங்க அக்கா."

பதின்மூன்று வருஷத்தில் அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான் என்று நினைக்கிறேன். அதுவும் கிழவர் பெயரில் போனது. பத்தொன்பதாயிரத்தைப் பார்த்துப் பரஸ்கீவா பயந்துபோகவே, அதன்பின் அக்லாயா ஏழாயிரம் எட்டாயிரம் ஆனதும் கழற்றிக் கிழவர் கையில் கட்டிவிடுவாள். நடை அவளுடையது, தூக்கம் அவருடையது. தூக்கத்துக்கு வாட்ச் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் கொடுத்தது. பரஸ்கீவா பொலோனியாவில் நம்ம ஊர்ப் பெண்களிடமெல்லாம் போனைக் காட்டினாளாம். எண்பத்தோரு வயதில் எங்கப்பா நடக்கிற நடையைப் பாருங்கள்!

கிழவருக்கு விஷயம் தெரியும். காலையில் வாட்ச்சைத் தானே கழற்றி மருமகளிடம் நீட்டுவார்.

"போயிட்டு வாடி. எனக்கு இன்னைக்குக் கால் வலிக்குது, ஆறாயிரம் போதும்."

டிசம்பரில் பன்றி அடிக்கிற நாள். பன்றியை வைக்கோலில் சுட்டுச் சுரண்டிக் கழுவ, இருபது முப்பது வாளி வெந்நீர் வேண்டும். எல்லாம் அக்லாயாவே தூக்கினாள். நான் குடல் கழுவ ஒத்தாசைக்குப் போயிருந்தேன். மதியம் ஆண்கள் பொரித்த கறியும் பிளம் சாராயமுமாக உட்கார்ந்துவிட்டார்கள். இவள் மட்டும் விறகுக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கையில் வாட்ச் விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்னடி அது, போன் வருதா?"

"இல்ல அக்கா. இப்பல்லாம் இப்படித்தான், சும்மா உக்காந்தாலே அதிருது. நூத்தி நாப்பத்தெட்டுன்னு செவப்பா வருது. என் கையைப் புடிச்சு யாரோ திட்டுற மாதிரி இருக்கு."

"மூச்சு வாங்குதே உனக்கு."

"வாளி கொஞ்சம் கனம்." காலைத் தூக்கிக் காட்டினாள். கணுக்கால் பூட்ஸுக்கு மேல் பிதுங்கி நின்றது. "சாயங்காலமானா இப்படித்தான். காலைல சரியாயிடும்."

சரியாகவில்லை. ஒரு மாதம் அந்தச் சிவப்பு எண் பொலோனியாவில் வந்துகொண்டே இருந்தது. ஜனவரியில் பரஸ்கீவா டாக்டரம்மாவுக்கே போன் போட்டு, எல்லாப் படத்தையும் அனுப்பிவைத்து, வீட்டுக்கு வரவழைத்துவிட்டாள். அன்றும் நான் அங்கே இருந்தேன். டாக்டரம்மா கிழவரின் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார். பரஸ்கீவா திரையில் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அக்லாயா அப்போதுதான் கிணற்றிலிருந்து வந்து இரண்டு வாளிகளையும் கதவோரம் இறக்கிவைத்துவிட்டுத் துண்டோடு நின்றாள்.

"இப்போ கேட்டா இரும்பு மாதிரி இருக்கு" என்றார் டாக்டரம்மா. "இந்த வாட்ச் ஆஸ்பத்திரி மிஷின் கிடையாது. ஆனா ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ஒரு மாசமா பகல் பூரா ஒரே மாதிரி தாறுமாறாக் காட்டுது. இது வந்து வந்து போற ஜாதியா இருக்கும்."

"பயப்படுற மாதிரியா டாக்டர்?" என்றாள் பரஸ்கீவா.

"மறைக்க மாட்டேன். இந்த இதயத்தை இப்படியே விட்டா ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாம நின்னுடும். கனம் தூக்கக் கூடாது. குனிஞ்சு நிமிர்ந்து வேலை செய்யக் கூடாது. வாளி கீளி எதையும் தொடவே கூடாது. இவரு தூக்குறாரா என்ன?"

"இல்ல டாக்டர்" என்றாள் அக்லாயா.

எல்லாரும் கிழவரைப் பார்த்தார்கள். நான் அக்லாயாவைப் பார்த்தேன். அவள் துண்டைக் கையில் இறுக்கிக்கொண்டு, சொன்னதையெல்லாம் வகுப்பில் நிற்கிற பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். கிழவரை மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்க்க டாக்டரம்மா சீட்டு எழுதினார். கிழவரின் பெட்டியைக் கட்டி, பனியில் கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைத்தவள் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். வாட்ச் கிழவர் கையிலேயே இருந்தது. போனும் கூடப் போயிருந்தது. நாடி ஐம்பத்தெட்டு, அசையவில்லை. எல்லாப் பரிசோதனையும் செய்து, இந்த வயதுக்கு இப்படியொரு இதயத்தைப் பார்த்ததில்லை, ஆனால் கால்கள் கெட்டுக்கொண்டிருக்கின்றன, தினமும் நடக்கவேண்டும் என்று எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். பரஸ்கீவா மறுபடியும் ஆறாயிரம் அடி என்றாள். கிழவர் மறுபடியும் காலையில் வாட்ச்சைக் கழற்றி நீட்டினார்.

இரண்டாம் நாளே போன் வந்தது. நான் மாவு கொடுக்கப் போயிருந்தேன். பரஸ்கீவா கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசினால்தான் எனக்குப் பயம்.

"அக்லாயா, நேரா என்னைப் பாரு. ஆஸ்பத்திரில அஞ்சு நாளும் எங்கப்பா நாடி அம்பத்தெட்டு. வீட்டுக்கு வந்த மறுநாள் நூத்தி முப்பத்தாறு. இன்னைக்கு நூத்தி அம்பது. என்னடி பண்றே அவரை?"

"நான் ஒண்ணும் பண்ணலை மதினி."

"அங்க யாரும் அவரை மிரட்டலை, அவர் இதயம் தூங்குற புள்ள மாதிரி இருந்துது. உன்கிட்ட வந்ததும் துடிக்குது. கருவி பொய் சொல்லுமா? சாப்பாடு போடாம வைக்கிறியா? கத்துறியா? கை வைக்கிறியா?"

"சத்தியமா இல்ல மதினி. மாமாவையே கேளுங்க."

"அப்பா, சொல்லுங்கப்பா. பயப்படாதீங்க, நான் இருக்கேன்."

கிழவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு வார்த்தை போதும். அவர் மருமகளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"என்னத்தைச் சொல்ல" என்றார். "நீ நல்லா இருந்தா சரி."

பரஸ்கீவா அழுதுவிட்டாள். "ஈஸ்டருக்கு நான் வர்றேன். அதுக்குள்ள இந்த நாடி இறங்கணும், அப்பா நடக்கவும் செய்யணும். இல்லைன்னா நீயும் உன் புருஷனும் மூட்டையைக் கட்டிக்குங்க. உன்னை எந்த விடுதியிலேருந்து கூட்டி வந்தானோ அங்கயே போ." அடுத்த சனிக்கிழமை வேனில் கிழவருக்கு இரண்டு பெட்டி சாக்லேட்டும், செம்மறித்தோல் செருப்பும் வந்தன. பெருமூச்சுக்கு அதுதான் பலன்.

நாடியும் குறைய வேண்டும், நடையும் வர வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருந்தது, கிழவர் நடப்பது. மார்ச் கடைசியில் ஒரு நாள் அக்லாயா அவர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, அவர் காலைத் தன் மடியில் வைத்துப் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

"மாமா, முற்றத்துல பத்து சுத்து மட்டும். வெயில் அடிக்குது. நான் கையைப் புடிச்சுக்குறேன்."

"கையை எடு. குளிருது."

"ஆயிரம் அடி போதும் மாமா. மிச்சத்தை நான் மெதுவா நடந்துக்குறேன். ஈஸ்டர் வரைக்கும்."

"ஏம்மா, உனக்கு என்ன குறை?" கிழவர் சாக்லேட் தாளைப் பிரித்தார். "நீ நல்லாத்தானே நடக்குறே. என் பேருக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்திருக்கே. இத்தாலில கூட என்னைப் பேசிக்குறாங்க."

"எனக்கு முடியலை மாமா. மூச்சு அடைக்குது. டாக்டரம்மா சொன்னாங்கள்ல, அந்த இதயம்... அது என்னோடதுதானே."

"சீட்டுல யாரு பேரு எழுதியிருக்கு?"

அவள் மறுகால் செருப்பை எடுத்தாள்.

"என் பேரு. ஆஸ்பத்திரிக்குப் போனது நான், ஊசி குத்திக்கிட்டது நான். இப்ப வந்து உன்னோடதுங்குறே. எங்க காலத்துல பொம்பளைங்க வயித்துல புள்ளையோட பத்து வரிசை கொத்துவாங்க. மூச்சு அடைக்குதுன்னு ஒருத்தி வாயைத் திறக்க மாட்டா. திறந்தா நான் விட்டிருக்கவும் மாட்டேன்."

செருப்பை உதறிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

வெளியே வந்து அவளைப் பிடித்து நிறுத்தினேன். "செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா வர்றப்ப நீ போய்க் காட்டுடி."

"டாக்டரம்மாவும் மதினியும் தினம் பேசிக்குறாங்க அக்கா. என் கையைப் புடிச்ச உடனே அவங்களுக்குத் தெரிஞ்சுடும், இந்த நாடி யாரோடதுன்னு. மதினிக்குப் போன் போட்டுச் சொல்லிடுவாங்க. அப்புறம் நாங்க எங்க போறது?"

"கிரிகோரெ என்ன சொல்றான்?"

"ஈஸ்டர் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோன்னாரு. மூணு வாரந்தானே."

"அவனைக் கொஞ்சம் கட்டிக்கச் சொல்லேன்."

"மில்லுல சிரிப்பாங்களாம். ஒரு ஞாயித்துக்கிழமை கட்டினாரு. சாராயக்கடைல தூங்கிட்டாரு, முந்நூறு அடிதான் வந்துது." அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும். "பரவால்ல அக்கா. நடுநடுவுல உக்காந்து உக்காந்து நடக்குறேன்."

எனக்கும் இரண்டு கால் இருக்கின்றன. என் இதயத்துக்கு ஒரு கேடும் இல்லை. 'குடுடி, நான் கட்டிக்குறேன்' என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கடையில் உட்கார்ந்தால் அடி சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. மாட்டிக்கொண்டால் பரஸ்கீவா வேனை சர்ச் வாசலுக்கு மாற்றிவிடுவாள்.

ஈஸ்டருக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நோன்புக் காலம். அவித்த பீன்ஸும் ஊறுகாய்க் கோஸும் சாப்பிட்டுச் சாப்பிட்டு எல்லாருக்கும் வாய் புளித்துக் கிடந்தது. அக்லாயாவிடம் பால் வாங்க முற்பகலில் போனேன். சமையலறையில் இல்லை. "கொட்டிலுக்குப் போனா. போய் ரொம்ப நேரமாச்சு, என் டீ இன்னும் வரலை" என்றார் கிழவர்.

கொட்டிலில் பசு கறக்காத மடியோடு கத்திக்கொண்டிருந்தது. அக்லாயா வாளிக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். கன்னத்தில் வைக்கோல் ஒட்டியிருந்தது. தொட்டேன், சில்லிட்டிருந்தது. அவள் மணிக்கட்டில் அந்தச் சனியன் அதிர்ந்தது. ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தால் எழுந்து நடக்கச் சொல்லி அது அதிரும், சின்னதாக ஒரு ஆள் கையை வீசி நடக்கிற படம் வரும். படத்தில் அந்த ஆள் நடந்துகொண்டே இருந்தான். நான் அங்கேயே உட்கார்ந்து கத்தினேன்.

மில்லிலிருந்து கிரிகோரெ ஓடிவந்தான். மண்டியிட்டான். அவள் முகத்தைத் தடவினான். பிறகு, அவள் கண்ணை மூடுவதற்கு முன்னால், வாட்ச்சைக் கழற்றினான். அதை என் கண்ணால் பார்த்தேன். "அக்கா, இதை அப்பா கையில கட்டிடு. இப்பவே" என்றான். அவன் அழுகை நிஜம்தான். இருந்தாலும் அதைத்தான் முதலில் செய்தான். நானும் கொண்டுபோய்க் கட்டினேன்.

சாவு வீட்டு வழக்கப்படி முகம் பார்க்கும் கண்ணாடிகளைத் துணியால் மூடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"ருக்சாந்தா! நீ ஏன் எடுக்குறே? அப்பாவுக்கு என்ன? காலைலேருந்து ஒரு அடி இல்ல, நடுவுல ரொம்ப நேரம் நாடியே இல்ல. அப்பா எங்க?"

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல, பரஸ்கீவா. அக்லாயா போயிட்டா. கொட்டில்ல விழுந்து கிடந்தா."

பரஸ்கீவா கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்றாள். அதற்குப் பிறகுதான் "பாவம், சின்ன வயசு" என்றாள். தான் பார்த்துக்கொள்ளும் கிழவியை விட்டுவிட்டு வர முடியாது என்றும், மாலை ஒன்று தன் பெயரில் வைக்கும்படியும் சொன்னாள்.

மூன்றாம் நாள் அடக்கம். எங்கள் ஊர் வழக்கப்படி, இறந்தவரின் பொருள்களைச் சவப்பெட்டிக்கு மேலாக நீட்டி உயிரோடிருக்கிறவர்களுக்குக் கொடுப்போம். இங்கே யார் வாங்கிப் பயன்படுத்துகிறார்களோ, அங்கே அவளுக்கு அது இருக்கும். வாங்குகிறவர் 'ஆண்டவர் ஏற்கட்டும்' என்று சொல்ல வேண்டும். ஒரு கோழி ஒருத்திக்கு, போர்வை ஒருத்திக்கு, மண்வெட்டி ஒருத்திக்கு. அவளுடைய ரப்பர் பூட்ஸைக் கிரிகோரெ எனக்கு நீட்டினான். அங்கே போயும் அவள் வெறுங்காலோடு சேற்றில் நிற்கக் கூடாதே. வாங்கி, அப்போதே மாட்டிக்கொண்டேன். ஒரு அளவு பெரிதாக இருந்தது. வீங்கிய காலுக்காக வாங்கியது போல.

ஊர்வலம் புறப்படும் நேரத்தில் கிழவர் கட்டிலிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"ருக்சாந்தா, கல்லறை வரைக்கும் போறியா?"

"போறேன்."

வாட்ச்சைக் கழற்றி நீட்டினார். "பூட்ஸும் கிடைச்சாச்சு. இதையும் கட்டிக்கோ. மேடேறி இறங்கினா அஞ்சாயிரம் தேறும். மூணு நாளா நான் ஒண்ணும் நடக்கலை, பொண்ணு கவலைப்படுவா."

நான் அதை அவர் முகத்தில் விட்டெறிந்திருக்க வேண்டும். கிரிகோரெ கதவருகே நின்று என்னையே பார்த்தான். அவனுக்குக் கூரை, எனக்கு வேன். முதல் யோசனை என்னுடையது என்பதும் நினைவில் இருந்தது. சட்டைக் கைக்குள் கட்டிக்கொண்டேன்.

குன்றின் மேல் கல்லறைக்கு அரை மணி நேர ஏற்றம். ஒவ்வொரு முச்சந்தியிலும் பாதிரியார் நின்று வாசித்தார், துண்டை விரித்து அதன் மேல் பெட்டியைக் கொண்டுபோனார்கள். சேறு. அவளுடைய பூட்ஸ் ஒவ்வொரு அடிக்கும் கழன்று கழன்று வந்தது. எனக்கு மூச்சு வாங்கவில்லை. பெட்டியை இறக்கி முதல் பிடி மண்ணைப் போட்டபோது மணிக்கட்டில் அதிர்ந்தது. யாருக்கும் தெரியாமல் சட்டைக் கையை விலக்கிப் பார்த்தேன். அவ்வளவு மேடு ஏறியதற்காக மத்தாப்பு விட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து, அக்லாயாவின் ஆத்மாவுக்காகப் போட்ட சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அவித்த கோதுமையில் சர்க்கரை, கோஸ் இலையில் சுற்றிய சோறு, பீன்ஸ். ஜன்னலில் போன் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அடித்தது. கிரிகோரெ எடுத்து, எல்லாரும் பார்க்கட்டும் என்று ரொட்டிக் கூடையில் சாய்த்துவைத்தான். பரஸ்கீவா அழுதுகொண்டிருந்தாள்.

"அப்பா... அந்த மேடேறி அவளை வழியனுப்பிட்டு வந்தீங்களாப்பா? அஞ்சாயிரத்து அறுநூறு அடி! உங்களை அந்தப் பாடு படுத்தினவளுக்காக! உங்க மனசு யாருக்குப்பா வரும்? ருக்சாந்தா, நீ இருக்கியா அங்க? நீயும் பாரு. எல்லாரும் பாருங்க. மேட்டுல ஏறுறப்ப எண்பத்திரண்டு, அப்புறம் எழுபத்திரண்டு. ஒரு தடவைகூடத் துள்ளலை. அவ இருந்தப்ப உக்காந்த இடத்துலேயே நூத்தி அம்பது. அவளை மண்ணுல இறக்கினதும் அமைதியாயிடுச்சு. நான் சொன்னப்ப யாராவது நம்பினீங்களா?"

கிழவர் மேடேறவில்லை என்று அங்கே எல்லாருக்கும் தெரியும், ஆனால் சனிக்கிழமைப் பெட்டி வருகிறவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. பாதிரியார் தலையை ஆட்டினார். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படித்தான் இருந்திருக்கும் போல, பாவம் கிழவர், என்கிற பார்வை. கிரிகோரெ குனிந்து தன் கோப்பையில் ஊற்றிக்கொண்டான். கிழவர் வாயைத் துடைத்தார்.

"ஆமா மகளே" என்றார். "கடமைன்னு ஒண்ணு இருக்கில்ல. நடந்தேன்."

"சொல்லு ருக்சாந்தா" என்றாள் பரஸ்கீவா. "நீ அந்த வீட்டுக்குத் தினம் போறவ. நான் சொன்னது சரியா, இல்லையா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேசைக்கடியில் சட்டைக் கையை விரல் வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"சரிதான்" என்றேன்.

பக்கத்தில் இருந்தவள் என் தட்டில் கோதுமை வைத்து, "அக்லாயாவுக்காக" என்றாள். "ஆண்டவர் ஏற்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.